சட்டத்துக்குள் நிற்கும் கங்காணி யாருடைய தாத்தா?

ரிங்லெட்டுக்கு மேலே,
தேயிலைத் தோட்டம், ஃபேக்டரி லயம்.
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

பாசத்துக்கும் வம்புக்கும் ஒருசேர உரிய மச்சான் தர்மாவுக்கு, உன் அக்காள் நவமணியைக் கட்டிக்கொண்ட அர்ஜுனன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காளும் உன் மருமகள் விக்னேஸ்வரியும் உடம்பளவில் நலம். ஈப்போவில் நீயும் உன் வீட்டாரும் எல்லா அளவிலும் நலமாக இருக்க முருகன் துணை செய்யட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உன் பக்கம் லைன் அறுந்துபோகிறது. அறுந்துபோகாத நாட்களில் உன் அக்காள் பக்கத்தில் நின்று நான் சொல்வதைத் திருத்துகிறாள். கடிதத்தில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை. முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் கந்தன் நாளைக் காலை ஈப்போவுக்கு இறங்குகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நின்றபடி படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ பார்த்துக் கொடுத்த சம்பந்தம் முறிந்துவிட்டது. முறித்தது நானில்லை. மாப்பிள்ளைப் பையன் திருமாறன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது; பிரிஞ்சாங்கில் அப்பாவோடு பூத்தோட்டம் பார்க்கிறான், பேச்சில் பணிவு இருக்கிறது, பெரியவர்களைப் பார்த்தால் போனைச் சட்டைப்பைக்குள் போடுகிறான். குறையெல்லாம் அவனைப் பெற்ற மாடசாமி மேல்தான். அதற்கு அடுத்தபடி உன் மேல், ஏனென்றால் அந்த நூலகத்தில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்ற யோசனை உன்னுடையது. கோயிலில் வைத்துப் பார்த்தால் கற்பூரம் அணைவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும் என்பது உண்மைதான். விக்கிக்கு முன்னே வந்த இடங்கள் அப்படித்தான் கலைந்தன. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே டீக்கடை யுவனேஸ்வரன் எனக்கு ஆறுதல் சொல்லி முடித்திருந்தான். அதனால்தான் நீ, "தானா ராத்தாவுல பழைய லைப்ரரி இருக்கு மாமா, மேல் மாடியில மியூசியம், படம் மாட்டுன ஹாலு எல்லாம் இருக்கு. நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க லா" என்றாய். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

இரண்டு குடும்பமும் எதேச்சையாகச் சந்தித்ததுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எதேச்சையாகப் புத்தகம் படிக்க வருகிற குடும்பம் பட்டுச் சேலையில் வராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். உன் அக்காள் கேட்டால்தானே. பட்டுச் சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர், கையில் கேசரி டப்பா, வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த கல் பங்களா அது. இப்போது அதைப் பொது நூலகமாக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார், அதற்குப் பொறுப்பானவர். தின்பண்டம் உள்ளே ஆகாது என்று டப்பாவையும் வெற்றிலையையும் வாங்கி இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். பெண் பார்க்கும் கேசரியைச் சிறையில் வைத்தது நம் பரம்பரையிலேயே இதுதான் முதல் தடவை. அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

உள்ளே போனால் சத்தம் போடக் கூடாது என்று சுவருக்குச் சுவர் பலகை. மாடசாமிக்கு வாழ்நாளெல்லாம் பூத்தோட்டத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடிக்குக் குரல் கொடுத்துப் பழக்கம். அந்த மனிதர் என் காதருகே வந்து ரகசியமாக "வணக்கங்க" என்றதும் படித்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மனைவி நீலாவதிக்கோ குரலே இல்லை. அந்த அம்மா உதட்டை அசைப்பது தெரிந்தது, என்ன கேட்கிறார் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன். வளைகாப்புச் செலவு வரைக்கும் நான் ஒப்புக்கொண்டிருக்கக்கூடும், யார் கண்டது? இதற்கிடையில் விக்கியும் அந்தப் பையனும் செடிகொடிப் புத்தகங்கள் இருந்த அலமாரிக்குப் பின்னால் நின்று ஏதோ பேசினார்கள். திடீரென்று விக்கி சிரித்தாள், மச்சான். வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மலாய்க்கார அம்மா எழுந்து வந்து உதட்டில் விரலை வைத்து அதட்டினார். என் மகள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. இந்தப் பையன்தான் என்று அந்த நிமிஷமே மனதுக்குள் முடிவு செய்தேன். அதை நீ குறித்துக்கொள், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள்.

அதோடு இறங்கி வந்திருந்தால் தை மாதம் கல்யாணம். உன் அக்காள்தான், "டிக்கெட் இல்லாம மியூசியம், பாத்துட்டுப் போலாம்" என்றாள். மேல் மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொழுந்துக் கூடை ஒன்றை விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். "நம்ம வீட்டுக் கொல்லையில கோழி முட்டை வைக்கிறது இதே கூடைதானே, இதுக்கு எதுக்கு லைட்டு?" என்று நீலாவதியிடம் சொல்லிக்கொண்டே உன் அக்காள் முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். அடுத்த பெட்டியையும் துடைத்தாள். துரை வீட்டுப் பியானோவைத் துடைக்கப் போனபோது நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அதுதான் படங்கள் மாட்டிய அறை. அங்கேதான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆள் உயரப் படம். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு, காது வரைக்கும் ஏறிய மீசை, காலடியில் துரையின் நாய். கீழே 'தோட்டத்துக் கங்காணி, பெயர் தெரியவில்லை' என்று மலாயில் எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாரே, அவர் அப்பா கங்காணி, துரை கொடுத்த கறுப்புக் கோட்டுப் போட்டுத்தான் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்கு வருவார் என்று! எங்கள் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இருந்ததில்லை. நான் என்னை மறந்து, "இது எங்க தாத்தா!" என்றேன். பக்கத்தில் நின்ற மாடசாமி என்னைத் தாண்டிப் படத்தைப் பார்த்தார். "யாரு? உங்க தாத்தாவா? ஐயா, இது எங்க தாத்தா. எங்கப்பாவப் பெத்தவரு. இந்த மூக்க பாருங்க, என் மூக்க பாருங்க" என்றார். பார்த்தேன். மச்சான், ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற மூக்கு அது. நான் காதைக் காட்டினேன். அவர் நிற்கிற தோரணையைக் காட்டினார், பிரம்புக்குப் பதிலாகக் குடையை ஊன்றிக்கொண்டு. நான் விடுவேனா? நாயின் பெயர்கூட எனக்குத் தெரியும் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்று இரண்டு கிழவர்களும் கத்தினோம்.

சத்தம் கேட்டு அந்த மலாய்க்கார அம்மா ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், பெயர் தெரியாமல் கிடந்த மனிதருக்குப் பேரப்பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "ரெண்டு பேருக்கும் தாத்தாவா? அப்படின்னா சத்து கெலுவார்கா! ஒரே குடும்பம்! தஹ்னியா!" என்று வாழ்த்தி, எங்கள் இருவரையும் படத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கவைத்துப் போனில் ஒரு போட்டோ எடுத்தார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் நீலாவதியின் குரல் முதன்முதலாக எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது: "அப்பிடின்னா இவங்க ரெண்டு பேரும் பங்காளி ஆவுறாங்களே. புள்ளைங்க அண்ணன் தங்கச்சி முறையாவுதே." அந்த நூலகம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு அமைதியாக இருந்திருக்காது. விக்கி பையனைப் பார்த்தாள். பையன் கூரையைப் பார்த்தான்.

யாராவது ஒருவர் தாத்தாவை விட்டுக்கொடுத்தால் போதும் என்று பெண்கள் இருவரும் கெஞ்சினார்கள். "பொண்ணு வீடு நீங்க, நீங்கதான் விட்டுக் குடுக்கணும்" என்றார் மாடசாமி. தாத்தாவைச் சீர்வரிசையில் சேர்க்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? "உங்களுக்குத் தோட்டம் இருக்கு, தொரவு இருக்கு. எனக்கு இருக்கிறது இந்தத் தாத்தா ஒருத்தருதான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். திரும்பும் வழியில் காரில் கேசரியை நானே தின்று தீர்த்தேன், கோபத்தில்தான்.

அதோடு முடிந்ததா? அந்த அம்மா போட்டோவை நூலகத்து ஃபேஸ்புக்கில் போட்டு, 'எங்கள் படக்கூடத்தில் சந்தித்துக்கொண்ட பங்காளிகள்' என்று எழுதிவிட்டார். மறுநாள் காலையில் யுவனேஸ்வரன், "அண்ணே, ஒங்களுக்கு அண்ணன் ஒருத்தரு கெடச்சிட்டாராமே" என்று டீக்குக் காசு வாங்க மறுத்தான். யாருக்கும் தெரியக் கூடாது என்று போன இடத்தின் புண்ணியத்தில் இப்போது தாப்பா வரைக்கும் தெரியும். விக்கி மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பரவால்லப்பா" என்றாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மச்சான். அந்தப் 'பரவால்லப்பா'வை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, நீ செய்ய வேண்டியது: மாடசாமிக்குப் போன் போட்டு இந்தச் சம்பந்தம் எங்களுக்கும் வேண்டாம் என்று கறாராகச் சொல். விக்கிக்கு வேறு பையன் பார். தாத்தா இல்லாத குடும்பமாக இருந்தால் நல்லது. மேலிடத்தில் உனக்கு யாரையாவது தெரிந்தால், படத்துக்குக் கீழே என் தாத்தா பெயரை எழுதச் சொல். பெயர் என்ன என்று கேட்பார்கள். அப்பா அவரைத் தாத்தா என்றே சொல்லிப் பழக்கிவிட்டார், விசாரித்து எழுதுகிறேன்.

உன் மனைவி மலருக்கும் பிள்ளைகளுக்கும் என் முழு ஆசி. உனக்கு இப்போதைக்குப் பாதிதான், மீதி உன் பதிலைப் பார்த்து.

இப்படிக்கு,
தாத்தாவை விட்டுக்கொடுக்காத,
அர்ஜுனன்.

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. மண் சரிந்து ஈப்போவுக்கு இறங்கும் ரோடு அடைபட்டதால் கந்தன் இன்னும் கிளம்பவில்லை. மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு மறந்துவிடு. மாடசாமிக்குப் போன் போடாதே. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

நேற்று நான் உனக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அக்காள் மழையோடு மழையாகப் பிரிஞ்சாங்குக்கே போய் மாடசாமியை "அண்ணே" என்று கூப்பிட்டிருக்கிறாள். "அந்தப் படத்துல இருக்கிறது ஒங்க தாத்தாதான். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியில்ல. அந்தக் கங்காணி எனக்கும் தாத்தா, எங்கப்பாவப் பெத்தவரு. அந்தக் காலத்துக் கங்காணிங்களுக்கு இந்தத் தோட்டத்துல ஒரு வீடுன்னா அடுத்த தோட்டத்துல ஒரு வீடு. அப்ப நான் ஒங்களுக்குத் தங்கச்சி, ஒங்க பையன் எனக்கு மருமவன், என் பொண்ணு அவனுக்கு மொறப்பொண்ணு. பேசறதுக்கு என்ன இருக்கு?" மாடசாமியோ கூடப் பிறந்த பெண் இல்லாத மனிதர். தங்கச்சி என்றதும் கண் கலங்கிவிட்டாராம். இரண்டு பேரும் இன்று காலையில் நூலகத்துக்கே போய்ப் புது போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அதில் நான் இல்லை.

இதன்படி நீ பெண்ணுக்குத் தாய்மாமன், பையனுக்குச் சித்தப்பா. மணவறையில் எந்தப் பக்கம் நிற்பது என்று நீயே பார்த்துக்கொள். சீர் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் உன்னுடையது என்று அக்காள் எழுதச் சொன்னாள்.

விக்கி வந்து, "அப்பா, ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கா?" என்றாள். "பரவால்லம்மா" என்றேன். சிரித்தாள். இங்கே யாரும் அதட்டவில்லை.

இப்போது அவசரமான சங்கதி. மாடசாமி தன் புதுத் தம்பியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறார். உன் ஹாலில் டிவிக்கு மேலே, துண்டு கட்டி, மொட்டைத் தலையோடு, ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே உன் நிஜத் தாத்தா, அவரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காலண்டர் மாட்டு. மூக்கும் ஒத்துப்போகாது, மீசையே கிடையாது. கழற்றியவரை அலமாரியில் போட்டுவிடாதே. பேப்பர் சுற்றிக் கந்தன் லாரியிலேயே எனக்கு அனுப்பி வை. என் வீட்டுச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது, எனக்கும் இப்போது ஒரு தாத்தா வேண்டியிருக்கிறது.