சம்பந்தி வீட்டு வெள்ளி டாலர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டு அம்மாளும் சுகம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். ரத்த அழுத்த மாத்திரை போடவேண்டிய நேரமென்றால் போட்டுவிட்டுத் தொடரவும். நான் உத்தியோகக் காலம் முழுவதும் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவன். தாமதமாக வரும் வண்டியைத் தாமதம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், வருந்துகிறோம் என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறேன். அதே குரலில் இப்போதும் சொல்கிறேன். உங்கள் டாலர் விஷயத்தில் வருந்துகிறோம்.

போனமுறை நீங்கள் வந்திருந்தபோது, புதிதாக வாங்கிய அந்தப் பழைய அமெரிக்க வெள்ளி டாலரைப் பஞ்சில் பொதிந்து என் கையில் வைத்து, "எங்க ஊர்ல இதைப் பத்திப் பேச ஒரு ஆள் இல்ல சம்பந்தி. உங்க நாணயச் சங்கத்துல காட்டி, நாலு பேர் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. ஆனா அந்தக் கறையை மட்டும் தொட்டுடாதீங்க, அதுதான் இதோட உயிரே" என்றீர்கள். நானும் டாலரில் பொறித்திருந்த, தலையில் இலையும் கதிரும் செருகிய பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். விளிம்பில் பொன்னிறம், அதையொட்டிக் கருஞ்சிவப்பு, உள்ளே வரவர மயில்கழுத்து நீலம். நூறு வருடத்துக்கும் மேலாகக் காற்று பட்டுப் பட்டு வெள்ளியில் ஏறிய நிறம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உயிரைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், மேசைமேல் டாலர் புது டம்ளர் மாதிரி பளபளவென்று இருக்கிறது. பக்கத்தில் பற்பொடி டப்பா. அதற்கும் பக்கத்தில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் மனைவி. "சம்பந்தி வீட்டுப் பொருள்ங்க. வந்த மாதிரியே அழுக்காத் திருப்பிக் குடுத்தா, பொண்ணைப் பெத்தவங்க வீட்டுல ஒரு காசைக்கூடத் தேச்சு வைக்கத் துப்பில்லன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாள். உங்கள் வீட்டிலிருந்து வந்த தூக்குச்சட்டியையும் இவள் அப்படித்தான் வந்ததைவிட மினுமினுப்பாகத் திருப்பி அனுப்புவாள் என்பது உங்களுக்கே தெரியும். தேய்த்த நாணயத்தைச் சங்கத்தில் தொடக்கூட மாட்டார்கள், துக்கம் விசாரிப்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். வாய்வரை வந்ததை எல்லாம் அவள்மேல் கொட்டியிருப்பேன். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

நேராக எங்கள் சங்கத்துத் தையல்காரரிடம்தான் போனேன். அவர் காஜா எடுத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. ஏமாத்தறவங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. முட்டையை அவிச்சு, சூடா உதிர்த்து, டின்னுல போட்டு, காசை அதுல படாம வெச்சு மூடிடறது. அந்த ஆவி வெள்ளிக்கு நிறம் குடுக்கும். கொஞ்சம் அசந்தா கரியாயிடும்" என்றார். மோசடிக்காரன் செய்யும் வேலைதான். ஆனால் சம்பந்தி, மோசடிக்காரன் இல்லாத நிறத்தைக் கொண்டுவருகிறான், நான் இருந்த நிறத்தைத்தானே திரும்பக் கொண்டுவரப் போகிறேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைவதில்லை. அதனால் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனதும் அவித்தேன், பிஸ்கட் டின்னில் உதிர்த்தேன், உங்கள் டாலரை ஒரு பாட்டில் மூடிமேல் உட்காரவைத்து மூடினேன். முதல் முயற்சியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் லேசாக மஞ்சள் தட்டியது. விடுவேனா? மூன்றாவது முறை அந்தப் பெண்ணின் கன்னத்தோரம் சிவந்தது, கழுத்துக்குக் கீழே நீலம் எட்டிப் பார்த்தது. "போதும் தாயே" என்று நான் மூடியைத் திறந்து எடுக்கவும், வாசல்படியில் என் மனைவி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அவள் டாலரைப் பார்க்கவில்லை, அதற்குள் பாக்கெட்டில் போட்டுவிட்டேன். அவள் பார்த்தது டின்னை, அதிலிருந்த முட்டையை, என் கையில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவை. "ஒளிச்சு வெச்சா திங்கறீங்க? இந்த வயசுல நாக்கு இவ்வளவு நீளமா? டாக்டர் சொன்னது காதுல ஏறவே இல்லையா?" என்று பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அவள் பற்பொடி போட்டுத் தேய்த்தது தப்பு என்பதும் வெளியே வரும். ஆகவே தின்னாத முட்டையைத் தின்றேன் என்று ஒப்புக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். அன்று முதல் எனக்கு வெந்த காய்கறியும் உப்பில்லாக் கஞ்சியும்தான். உங்கள் பொருட்டு இதையும் தாங்கிக்கொண்டேன் என்று சொல்லிக்காட்டவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

இனி சங்கத்தின் கதை. டாலரைக் கொண்டுவருவதாக எல்லோரிடமும் முன்பே சொல்லி வைத்திருந்ததால் போகாமல் இருக்க வழியில்லை. தலைவரான பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில்தான் கூட்டம். அவர் மனைவியின் கைவண்ணத்தில் அங்கே கதவுக் கைப்பிடிகூட முகம் பார்க்கலாம் போல மின்னும். உள்ளே நுழைந்ததுமே மருந்து நெடியோடு அவித்த முட்டை வாசனையும் மூக்கில் ஏறியது. என் பாக்கெட்டிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. அவரவர் புதிதாக வாங்கிய அமெரிக்கக் காசுகளை வெல்வெட் தட்டில் வைத்து வரிசையாக அனுப்பினோம். எங்கள் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. காசு கையில் இருக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது. ஒரு துளி எச்சில் தெறித்தாலும் வெள்ளியில் புள்ளி விழுந்துவிடும். அதனால் வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு, விவாதம் முழுக்கக் கண்ணாலும் புருவத்தாலும்தான். தையல்காரர் ஒரு பக்கம் காட்டெருமையும் மறுபக்கம் செவ்விந்தியர் தலையும் போட்ட காசைக் கொண்டுவந்திருந்தார். வருடம் தேய்ந்துபோயிருந்தது. அது எந்த வருடம் என்று விரலை மடக்கியும் நீட்டியும் அவருக்கும் பல் டாக்டருக்கும் பெரிய சண்டையே நடந்தது, சத்தமே இல்லாமல். பல் டாக்டர் தன் அரை டாலரைக் காட்டினார். கை நீட்டி நடந்துபோகும் பெண், சுற்றிலும் அருமையான நீல வளையம். எல்லோரும் புருவத்தை உயர்த்திப் பாராட்டினோம்.

அடுத்து உங்கள் டாலர். பல் டாக்டர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, விளக்கை இழுத்து, அந்தப் பெண்ணின் முகத்துக்குள் அப்படிக் குனிந்தார். வாயைத் திற என்று அவளிடம் சொல்லாதது ஒன்றுதான் குறை. பிறகு திருப்பி, மறுபக்கத்தில் இருந்த கழுகின் இறகு இடுக்கில் வெள்ளையாக ஏதோ இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பற்பொடி! அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர் டாலரைத் தட்டில் வைத்தார், கைக்குட்டையை எடுத்தார், தொண்டையைச் செருமினார். "இது அச்சடிச்ச எடத்துலயே படிஞ்ச தூசி. இந்த நிறம் தானா வந்தது. நூறு வருஷம் ஆகாம இப்படி வராது. இதுல எனக்கு இருக்கற அனுபவம் இங்க யாருக்கும் இல்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இந்த வருடத்தின் சிறந்த நாணயம் உங்களுடையதுதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு உங்களை அழைத்து, சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்துப் பேசச் சொல்லப் போகிறார்கள். அழைப்பு இன்னும் சில நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேரவேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். முட்டைக்குக் கிடைத்த சால்வையை உங்கள் தோளில் போட நான் விடமாட்டேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும்படி நடந்ததைச் சொல்லப் போகிறேன். சங்கத்தைவிட்டு நீக்கினால் நீக்கட்டும். அலைந்து திரிந்தாவது இதேபோல் வேறொன்று வாங்கி உங்களிடம் சேர்ப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தை எல்லாம் என்மேல் காட்டுங்கள், என் மகளிடம் மட்டும் முகம் கோணாதீர்கள். உங்கள் வீட்டில் அவள் இன்னும் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறாளோ என்று ஒரு கவலை எனக்கு உண்டு. போனில் பேசும்போதெல்லாம் "அவங்க வீட்டுல" என்றுதான் சொல்வாள். என்னால் அவளுக்கு அங்கே ஒரு சொல் வந்துவிடக்கூடாது. என் தூக்கமே அதனால்தான் போயிற்று. என் முடிவில் மாற்றம் இல்லை. யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், உங்களுக்கு என் வணக்கத்தோடு மன்னிப்பும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். நான் திருட்டு முட்டை தின்பதாக அவள் அம்மா புகார் செய்திருக்கிறாள். "அப்பா, நிஜமாத் தின்னீங்களா, இல்ல டின்னுல போட்டு மூடினீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த டாலர் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே இங்கயும் அத்தை அதைப் பற்பொடி போட்டுத் தேச்சு வெச்சுட்டாங்கப்பா. மாமாவுக்கு அவங்களை ஒரு வார்த்தை சொல்ல மனசு வரல. நான்தான் முட்டை அவிச்சுக் குடுத்தேன். அத்தைக்கு இன்னும் தெரியாது. எங்க வீட்டு விஷயம்பா, வெளிய விட்டுடாதீங்க" என்றாள். "எங்க வீடு" என்று அவள் சொன்னது உங்கள் வீட்டை. போனை வைத்தபோது கண் கலங்கிவிட்டது சம்பந்தி. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன், சம்பந்தியம்மாள் கண்ணில் படுவதற்குள் நீங்கள் கிழித்துவிடவும். சால்வைக்குத் தவறாமல் வரவும். பல் டாக்டரை நினைத்துப் பயப்படவேண்டாம். டாலரை நான் பச்சைக் கற்பூரத்தோடு வைத்துத்தான் எடுத்துப் போயிருந்தேன். அன்று அந்த அறையில் அடித்த முட்டை வாசனை என் பாக்கெட்டிலிருந்து வந்ததல்ல, அவருடைய நீல வளையத்திலிருந்து வந்தது என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே பயணிகளின் கவனத்திற்கு: மேலே அறிவிக்கப்பட்ட உண்மை ரத்து செய்யப்படுகிறது. வருந்தவில்லை.