ஏற்றத்தில் ஒரு ‘டொக்’

“மேட்டுல ஏறும்போது மட்டும் கதவுக்குள்ள ஏதோ உருண்டு வந்து ‘டொக்’குனு இடிக்குது. அது என்ன?”

இவ்வாறு வினவியவர் பல் டாக்டர். மருத்துவத்திலிருந்து ஓய்வு பெற்றதும், காடு மேடு பாராமல் ஓடக்கூடிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியவர். அவ்வண்டி உரிமையாளர் சங்கத்திற்குத் தலைவரும் ஆனவர். வாழ்நாள் முழுவதும் பிறர் வாய்க்குள் எழும் நுண்ணிய ஒலிகளைக் கேட்டுப் பழகிய காது அவருடையது. அதனை ஏமாற்றுதல் எளிதன்று.

தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டி, மேடை ஒன்று போட்டு அக்கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர்கள் கேட்க, வண்டியை வடிவமைத்த பொறியாளர்கள் விடை கூற வேண்டும். அதுகாறும் எல்லாம் செம்மையாகவே நடந்தது. பின்னிருக்கையின் சாய்மானம் சுவர்போல் நிமிர்ந்திருப்பது ஏன் என்று ஒருவர் கேட்டார். பின்னால் இருப்பவர் உறங்கிவிட்டால் முன்னால் இருப்பவருக்கு வழி சொல்ல ஆள் இராது என்றார் இருக்கைப் பொறியாளர். மாற்றுச் சக்கரத்தை வண்டியின் அடிவயிற்றில் கட்டியிருக்கிறீர்களே, சேற்றில் படுத்தல்லவா எடுக்க வேண்டியிருக்கிறது என்று மற்றொருவர் குறைபட்டுக்கொண்டார். சேற்றில் வண்டியை இறக்கத் துணிந்தவர் சேற்றுக்கு அஞ்சலாமா என்று சக்கரப் பொறியாளர் திருப்பிக் கேட்கவே, குறை கூறியவரே கைதட்டிவிட்டு அமர்ந்தார்.

‘டொக்’கின் முறை வந்ததும் மைக் கைமாறத் தொடங்கியது. எஞ்சின் பொறியாளர் மைக்கைச் சக்கரத்தாரிடம் தந்தார். சக்கரத்தார் இருக்கையாரிடம் தந்தார். இருக்கையார், கதவுக்குள் எழும் ஒலி கதவையே சாரும் என்னும் நியாயத்தைக் கூறி, வரிசையின் கடைசியில் இருந்த கதவுக்காரரிடம் தந்துவிட்டார். கதவுகளை மட்டுமே வடிவமைத்து வந்தவராதலின் அவருக்கு அப்பெயர். அவருக்கு அப்பால் இருந்தது ஒரு பூச்சாடி. பூச்சாடியிடம் மைக்கைக் கொடுக்க இயலாது.

‘தெரியாது’ என்றும் கூற இயலாது. கூட்டம் தொடங்குமுன் மேலாளர் விதித்த ஒரே விதி அதுதான். சென்ற ஆண்டு இதே மேடையில் “தெரியாது, பாத்துச் சொல்றேன்” என்று உண்மை பேசிய பொறியாளர், இப்பொழுது தொழிற்சாலையின் பின்கொட்டகையில் மருத்துவமனைத் தள்ளுவண்டிகளுக்குச் சக்கரம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அங்கே அவரை எவரும் எந்த வினாவும் கேட்பதில்லை.

பல் டாக்டர் விடுவதாக இல்லை. “அந்தச் சத்தம் கேட்டாலே வண்டி உடைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. அப்படியே வண்டியைத் திருப்பிட்டு வீட்டுக்கு வந்துடறேன். வாங்கினதுல இருந்து ஒரு மலை உச்சியைக்கூடப் பாத்ததில்ல” என்றார்.

கூட்டம் சிரித்தது. அருகில் அமர்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தலை நிமிரவும் இல்லை.

கதவுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“அது பழுது இல்ல சார், எச்சரிக்கை. வண்டி எந்த அளவுக்குச் சாயுதுன்னு ஓட்டுறவருக்குத் தெரியணும்னு வெச்சது. சத்தம் வந்தா எல்லாம் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். தைரியமா ஏறுங்க.”

கரவொலி எழுந்தது. மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பல் டாக்டரின் முதுகு பின்னிருக்கையின் சாய்மானம்போல் நிமிர்ந்துவிட்டது. அதுவரை மேடையை ஏறெடுத்தும் பாராதிருந்த அவர் மனைவி, பின்னுதலை நிறுத்திக் கதவுக்காரரை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். தம் அறிவைக் கண்டு வியக்கிறார் என்று கருதிய கதவுக்காரர், அவ்வம்மையாருக்குச் சிறிது தலை வணங்கினார்.

அத்துடன் கூட்டம் கலைந்திருந்தால் கதையும் கலைந்திருக்கும். பின்வரிசையிலிருந்து, வண்டி வாங்கியிருந்த பேக்கரிக்காரர் ஒருவர் எழுந்தார்.

“என் வண்டியும் இதே மாடல்தான். நானும் மேடு ஏறுறேன். எனக்கு ஏன் சத்தம் வரல?”

கதவுக்காரருக்கு ஒரு பொய் போதும் என்றிருந்தது. ஆயினும் முதற்பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாம் பொய் தேவைப்பட்டது. பேக்கரிக்காரர் ஏறிய மேடு அவ்வளவு சாய்வானதாக இராது என்று பணிவுடன் கூறினார். பணிவு எவர் செவியிலும் விழவில்லை. நீர் ஏறியது மேடே அன்று என்று மேடையிலிருந்து ஒருவர் அறிவித்ததாகவே பேக்கரிக்காரர் எடுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துக் கதவுக்காரர் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது.

“எவ்வளவு சாயணும்?” என்றது பேக்கரிக்காரரின் குரல்.

“ஏன் சார்?”

“மாவு மூட்டையெல்லாம் ஒரே பக்கமா அடுக்கிட்டு வரப்பு மேல ஏத்தினேன். இப்போ வண்டி ஓடைக்குள்ள படுத்துக் கிடக்கு. இன்னும் சத்தம் வரல.”

பேக்கரிக்காரருக்கு ஒரு கீறலும் இல்லை என்பதைக் கேட்டறிந்த பின்னரே கதவுக்காரருக்கு மூச்சு வந்தது. எவரும் இனிமேல் வண்டியைச் சாய்த்துப் பார்த்துவிடக் கூடாதே என்னும் நல்லெண்ணத்தால், அவ்வொலி எல்லா வண்டியிலும் இல்லை என்றும், சோதனைக்காகத் தேர்ந்தெடுத்த வண்டிகளில் மட்டுமே வைத்தது என்றும் கூறிவிட்டார். மறுமுனையில் ஓடை நீர் சலசலத்தது.

“அப்போ நாங்க எல்லாம் தேர்ந்தெடுக்காதவங்க” என்றார் பேக்கரிக்காரர்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவுக்காரரின் மனைவி எதிரில் நின்றிருந்தார். முழுக்கதையையும் கேட்டறிந்தவர், அடுக்களைக் கதவை ஒருமுறை திறந்து மூடிக் காட்டினார். அது வழக்கம்போல் கிறீச்சிட்டது.

“ஆறு மாசமா எண்ணெய் போடச் சொல்றேன். இதுவும் எச்சரிக்கைதானா?”

மறுவாரம் தொழிற்சாலை வாயிலில் பிக்கப் வண்டிகள் அணிவகுத்து நின்று ஹாரன் அடித்தன. எங்களுக்கும் ‘டொக்’ வேண்டும் என்பதே உரிமையாளர்களின் கோரிக்கை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர், இப்பொழுது ஆற்றையே வாயிலுக்கு அழைத்துவந்துவிட்டார். ஆனால் மேலாளர் சினங்கொள்ளவில்லை. அவர் மகிழ்ந்தார், அதுவே பேரிடர்.

“இப்படி ஒண்ணைக் கண்டுபிடிச்சிட்டு எங்கிட்டக்கூடச் சொல்லாம இருந்திருக்கீங்களே” என்று தோளில் தட்டினார். இனி வரும் வண்டிகள் அனைத்திலும் அதனைப் பொருத்துவது என்று முதலாளியிடம் பேசி முடித்தாயிற்றாம். முதலாளியே நேரில் வருகிறாராம். பல் டாக்டரின் வண்டியைத் தொழிற்சாலையின் சோதனை மேட்டில் ஏற்றிக் காட்டியபின், கதவுக்காரர் தம் கையாலேயே கதவைத் திறந்து, உள்ளிருக்கும் கருவியை எல்லாருக்கும் விளக்க வேண்டுமாம். விளக்கிவிட்டால் கதவுக்காரரே வடிவமைப்புத் தலைவர். விளக்காவிட்டால் என்ன என்பதை மேலாளர் கூறவில்லை. ஆனால் அவர் அறையின் சன்னல் பின்கொட்டகையை நோக்கியே இருந்தது.

உள்ளே இருப்பது இன்னதென்று முன்னரே பார்த்துவிட்டால் ஏதேனும் ஒரு பெயராவது சூட்டலாம் என்றெண்ணி, கதவுக்காரர் ஒரு ஸ்குரூடிரைவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பல் டாக்டரின் வீட்டிற்குச் சென்றார்.

வண்டி வீட்டில் இல்லை. டாக்டரின் மனைவிதான் கதவைத் திறந்தார். கூடத்தில் வேறு இருக்கைகளிலெல்லாம் கம்பளி உருண்டைகள் இருந்தமையால், ஓய்வு பெற்றபோது கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பழைய பல் மருத்துவ நாற்காலியில் கதவுக்காரரை அமரச் செய்தார். அது அமர்ந்தவுடன் தானாகவே பின்னுக்குச் சாய்ந்து, வந்தவரை மல்லாத்திவிட்டது. அந்நிலையில் அவர் கண்ணுக்குத் தெரிந்தவை மேல்விட்டமும், அலமாரியில் இருந்த பல்வரிசையோடு சுண்ணத்தில் வார்த்த தாடை ஒன்றும், அதனருகே கோலிக்குண்டுகள் நிறைந்த கண்ணாடிச் சாடியுமே. பல் பிடுங்கும்போது அழாத பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று கொடுப்பது அக்காலத்து வழக்கம் என்று அம்மையார் விளக்கினார். அழாத பிள்ளைகள் மிகச் சிலரே என்பது சாடியைப் பார்த்தாலே விளங்கிற்று.

“டாக்டர் எங்கம்மா?”

“மலைக்குப் போயிருக்கார். நீங்க மேடையில சொன்னதுல இருந்து தினமும் மலைதான். சத்தம் கேக்கக் கேக்கத் தெம்பா இருக்காம். முழங்கால் ரெண்டும் மாத்தி வெச்ச மனுஷன், தம்பி. எங்கேயாவது உருண்டா தூக்கக்கூட ஆள் கிடையாது.”

“அப்படியெல்லாம் ஆகாதும்மா.”

அம்மையார் நாற்காலியின் அருகே வந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

“சத்தம் வந்தா உடனே திரும்பிடணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிடுங்களேன்.”

மாற்றிச் சொன்னால் மேடையில் சொன்னது பொய்யாகிவிடும், பொய்யாகிவிட்டால் பின்கொட்டகை. மல்லாந்து கிடந்தவாறே கதவுக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வண்டிக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று உறுதியளித்தார்.

“நிச்சயமா உங்க கம்பெனி வெச்சதுதானா அது?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நானே என் கையால வெச்சேன்.”

அம்மையார் உள்ளே போய்த் தேநீரோடு வந்தார். “அப்படியா. ரொம்ப சந்தோஷம் தம்பி” என்றார் பிறகு. தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டார், கதவுக்காரரும் கேட்கவில்லை.

குறித்த நாள் வந்தது. சோதனை மேட்டின் அடிவாரத்தில் முதலாளி குடைநிழலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். அவர் அருகே மேலாளர். சுற்றிலும் உரிமையாளர்கள், முன்வரிசையில், ஓடையிலிருந்து மீட்ட வண்டியோடு பேக்கரிக்காரர். பல் டாக்டர் வண்டியோடு வந்தார். அவர் மனைவி இறங்கி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

“எல்லாரும் காதைத் தீட்டி வெச்சுக்குங்க” என்று கூறிவிட்டு டாக்டர் மேட்டில் ஏறினார்.

எஞ்சின் உறுமியது. வண்டியின் மூக்கு வானத்தை நோக்கி எழுந்தது. உச்சியை அடைந்தது. ‘டொக்’ இல்லை.

இறங்கி மீண்டும் ஏறினார். பின்னோக்கி ஏறினார். பக்கவாட்டில் ஏறினார். குருவி ஒன்று எங்கேயோ கத்தியதேயன்றி வேறு ஒலி எழவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய டாக்டர், பிடுங்கிய பல்லைத் தவறவிட்டவர்போல் தரையைப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலம்வரைக்கும் இருந்துச்சே” என்றார்.

“கதவைத் திறந்து காட்டுங்க” என்றார் முதலாளி.

கதவுக்காரர் மண்டியிட்டு, கதவின் உட்பலகையைக் கழற்றினார். வேண்டுமென்றே மெல்லக் கழற்றினார். திருகாணி ஒவ்வொன்றாகக் கழன்றபோது, தாம் இனிச் செய்யப்போகும் தள்ளுவண்டிச் சக்கரங்கள் ஒவ்வொன்றாக அவர் மனக்கண்முன் உருண்டன. பலகை கையோடு வந்தது. உள்ளே, கதவின் அடித்தகட்டில் ஏதோ ஓடியோடித் தேய்த்த பளபளப்பான தடம் ஒன்று இருந்தது. ஓடிய பொருள் இல்லை. கதவின் ஓரத்தில், துருப்பிடிக்காமல் எண்ணெய் விடுவதற்கென்று அவரே வடிவமைத்த கட்டைவிரல் பருமனான துளையின் ரப்பர் மூடி சற்றே பிதுங்கியிருந்தது.

“என்னய்யா ஆச்சு அதுக்கு?” என்றார் முதலாளி.

கதவுக்காரர் இடப்புறம் பார்த்தார். அங்கே பூச்சாடிகூட இல்லை.

“தெரியாது சார்” என்றார்.

மேலாளர் கண்களை மூடிக்கொண்டார். பேக்கரிக்காரர் ஏதோ கூறுவதற்கு வாயெடுத்தார். அதற்குள் பல் டாக்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கைப்பைக்குள் கம்பளி உருண்டைகளுக்கு அடியில் துழாவி, பச்சைநிறக் கோலிக்குண்டு ஒன்றை எடுத்துக் கதவுக்காரரின் உள்ளங்கையில் வைத்தார்.

“சத்தம் கேட்டா இவர் பயந்து வீட்டுக்குத் திரும்பிடுவாருன்னு நான்தான் தம்பி உள்ளே போட்டேன், நீங்க மேடையில வாயைத் திறக்கிற வரைக்கும் நல்லாத்தான் வேலை செஞ்சுது.”