மாடிக்கு வந்த சுதர்சனம்

"நேத்து சாயங்காலம் மாடிக்கு யார் வந்தது?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் இதைக் கேட்டபோது முப்பிடாதியின் கத்தி அவர் தொண்டைக்குழியின்மேல் இருந்தது. ஆனால் பயந்தது கத்தி வைத்திருந்தவன்தான்.

"யாரும் வரலியே சார்."

"முந்தாநாளும் இதைத்தான் சொன்னீங்க."

"முந்தாநாளும் யாரும் வரலியே."

அவர் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். பேசாமல் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற கண்கள் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது.

அவனுடைய சலூன் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. மாடியில் தோணிச் சுமைத் தொழிலாளர் சங்கம். மாடிப்படி சலூன் வாசலை ஒட்டியே ஏறியதால், சங்கத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் முப்பிடாதியின் கண்ணாடியில் ஒரு தடவை விழுந்துவிட்டுத்தான் போக முடியும். எமர்ஜென்சி வந்தபோதுகூட அந்தத் தெருவில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தை மாதத்தில் மெட்ராஸில் ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்கப்புறம் ஆட்களைப் பிடிக்க விடியற்காலையில் போலீஸ் ஜீப் வர ஆரம்பித்தது. ஜீப் வந்துபோன வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மாசியில் இந்த நாற்காலிக்காரர் வந்து சேர்ந்தார். ஒட்ட வெட்டின கிராப்பு, கறுப்பு ஷூ, மதுரைப் பக்கத்துப் பேச்சு. எதிரே ஜீவமணியின் டீக்கடையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்காருவார். பேப்பரை விரித்து வைத்திருப்பார், பக்கத்தைத் திருப்ப மாட்டார். ஜீப் சத்தம் கேட்டால் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஓரிரு நாளிலேயே தெரு முடிவு செய்துவிட்டது, மப்டி போலீஸ் என்று. முப்பிடாதி ஒருநாள் சோப்புப் போட்டுக்கொண்டே, "சார் டிப்பார்ட்மெண்டுல இருக்கீங்களோ?" என்று மெதுவாக விட்டுப் பார்த்தான். அவர் கொஞ்சம் யோசித்து, "ஏன், தெருவுல அப்படித்தான் பேசிக்கிறாங்களா?" என்றார். இதற்குமேல் ஒரு போலீஸ்காரன் எப்படி ஒத்துக்கொள்ளுவான்.

மாடிக்கு நேற்றும் ஆட்கள் வந்தார்கள்தான். செயலாளர் அற்புதமணியும் கூட ஆறேழு பேரும். பிடித்துக்கொண்டு போனவர்களின் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பது பற்றிப் பேச்சு. அவர்களில் பாதிப் பேருக்கு முதல் மீசையை ஒதுக்கிவிட்டதே முப்பிடாதிதான். ஒரு பேரைச் சொன்னாலும் ஒரு வீட்டில் அடுப்பு அணையும். ஒன்றுமே சொல்லாவிட்டால் அவன் வீட்டிலேயே அணையும்.

"ஒரே ஒருத்தர் வந்தாரு சார்" என்றான்.

அவர் நிமிர்ந்தார். "யாரு?"

அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் இல்லாத பேராக இருக்கட்டும் என்று நினைத்தான். "சுதர்சனம்னு சொன்னாரு. வெளியூரு. மெட்ராஸ்காரரு போல."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"யாரைக் கேட்டான்?"

என்ன பேசினார் என்று கேட்பார் என முப்பிடாதி எதிர்பார்த்திருந்தான். யாரைக் கேட்டான் என்றதும் வாயில் வந்ததைச் சொன்னான். "ஊருக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களான்னு கேட்டாரு."

அவர் கத்தியைக் கையால் விலக்கினார். ஒரு கன்னம் பாக்கியிருக்கும்போதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். இல்லாத ஆளை எந்த ஜீப்பாலும் ஏற்ற முடியாது என்ற நிம்மதியில் முப்பிடாதி அன்றைக்கு மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். "ஆள் எப்படி இருந்தான்?"

முப்பிடாதி நாற்காலியைத் தட்டிப்போட்டான். யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது. "நெட்டையா இருந்தாரு. இடது தோளு கொஞ்சம் சரிஞ்சிருக்கும். கறுப்புக் குடை வச்சிருந்தாரு."

"வேற?"

"அந்த வெயில்ல வாராரு, ஒரு பொட்டு வேர்வை இல்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்னதும் அவனுக்கே கழுத்து ஜில்லென்றது.

இரண்டொரு நாள் கழித்து அவர் வந்து உட்கார்ந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "காயல்பட்டினம் போயிருந்தேன்" என்றார். "ஒரு சந்துக்குள்ள திரும்பினேன். அந்தக் கடைசியில குடையோட நின்னான். நான் பாத்ததும் மெதுவா நடந்து போயிட்டான்."

"யாரு சார்?"

"சுதர்சனம்தான். தோளு சரிஞ்சிருந்தது."

முப்பிடாதி கத்தியைப் பட்டையில் தீட்டினான். தீட்டின கத்தியையே மறுபடியும் தீட்டினான். வெயில் காலத்தில் குடை பிடித்தவன் எவனோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் விஷயம் கைமீறுகிறது. ஆளைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட வேண்டும்.

"சார், விசாரிச்சதுல அவரு பாவப்பட்ட மனுசராம். ஆழ்வார்திருநகரிக்குப் பெருமாள் கும்பிட வந்தவராம். வழி தெரியாம மாடி ஏறிட்டாரு."

அவர் கசப்பாகச் சிரித்தார். "அப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவாங்க. கோயிலுக்கு வந்தேம்பாங்க. வயலுக்கு மாடு வாங்க வந்தேம்பாங்க. எனக்குத் தெரியாததா?"

அன்று மத்தியானம் அவர் ஜீவமணியிடம், கறுப்புக் குடைக்காரர் யாரையாவது பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறார். போலீஸ்காரர் கேட்டால் பார்க்கவில்லை என்று யார் சொல்வார். பார்த்தேன் என்று ஜீவமணி சொன்னான். சாயங்காலத்துக்குள் அது அவனுக்கே உண்மையாகிவிட்டது.

"அண்ணாச்சி, குடைக்காரரு நம்ம கடையிலதான் டீ குடிச்சாரு. சீனி வேண்டாம்னுட்டாரு. கிளாசைத் தொட்டுப் பாக்கேன், சூடே இல்ல."

"ஏலே, நீ பாத்தியா?"

"நான் ஏன் பொய் சொல்லுதேன்?"

வீட்டில் சண்முகத்தாய் தண்ணீர்க் குடத்தை இறக்கியபடி, "இங்க பாருங்க, உங்களைத் தேடி ஒருத்தரு வந்தாரா?" என்றாள். "குழாயடியில ஒரு நெட்டை மனுசன், நம்ம வீடு எதுன்னு கேட்டான். குடையை விரிச்சே பிடிச்சிருந்தான். முகம் தெரியல."

முப்பிடாதி கதவைச் சாத்திவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். "ஏளா, அப்படி ஒரு ஆளே கிடையாது. நான்தான் உண்டாக்கினேன்."

அவள் ஜன்னலையும் சாத்தினாள். "அப்பம் நான் பாத்தது யாரு?"

அன்றிலிருந்து அவள் குழாயடிக்குத் தனியாகப் போவதை விட்டுவிட்டாள். அவனும் மாலையில் கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரை வழியாக வரும்போது பின்னால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். ஒருநாள் மங்கின வெளிச்சத்தில், உப்புக் குவியல்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ விரிந்து நின்றது. அது குடைதானா என்று பார்க்க நிற்கவில்லை. ஆனால் மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தான்.

அடுத்த நாள் அற்புதமணி மாடியிலிருந்து இறங்கி வந்தான். "முப்பிடாதி, மெட்ராஸ்லேருந்து ஒருத்தன் நம்மளைப் பத்தி விசாரிக்கானாமே. தெரு முழுக்கச் சொல்லுதாவோ. நீ பாத்தியா?"

"இல்ல. அப்படி யாரும்..."

"ஜீவமணி பாத்திருக்கான். உன் வீட்டுக்காரியே பாத்தாளாம்." அற்புதமணி மாடிச்சாவியை மடியில் செருகிக்கொண்டான். "கொஞ்ச நாளைக்கு நாங்க கூடல. பயலுவ பயப்படுதானுவ."

முப்பிடாதி நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டான். ஆட்களைக் காப்பாற்றத்தான் ஒரு ஆளை உண்டாக்கினான். அரசாங்கம் ஜீப் விட்டும் மூட முடியாத சங்கத்தை அந்த ஆள் குடையோடு வந்து மூடிவிட்டான். அரிசி போகிற வீடுகளுக்கு இனி அரிசி போகாது.

உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று பட்டது. மறுநாள் மப்டிக்காரர் சவரத்துக்கு வந்தபோது முப்பிடாதி கத்தியைத் தொடவே இல்லை. அவர் முன்னால் கையைக் கட்டி நின்றான்.

"சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சுதர்சனம்னு ஆளே கிடையாது. நானாச் சொன்னது."

அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. "உன்னை மிரட்டிட்டானா?"

"இல்ல சார், சத்தியமா..."

"காயல்பட்டினத்துல நான் பாத்தேன். டீக்கடைக்காரன் பாத்தான். நீ மட்டும் இல்லைங்கிற. கடைக்கே வந்துட்டானா? என்ன சொன்னான்?"

அவர் குரலில் இருந்தது அதட்டல் மாதிரி இல்லை. அதை முப்பிடாதி கவனித்தான். இந்த ஆளுக்கும் பயம் இருக்கிறது. பயந்தவரைப் பயமுறுத்தினால் ஊரைவிட்டே போய்விடுவார். இவர் போனால் கேள்வி போகும், கேள்வி போனால் சுதர்சனமும் போவான். அந்த நிமிஷத்தில் இது அவனுக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

"சார், மறைச்சுப் பிரயோசனம் இல்ல" என்றான் தாழ்ந்த குரலில். "அவரு உங்களைத்தான் கேட்டாரு. கறுப்பு ஷூப் போட்டவரு எங்க தங்கியிருக்காருன்னு கேட்டாரு."

நாற்காலியில் இருந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை. போலீஸ்காரர் ஒருத்தர் இப்படி வெளுப்பதை முப்பிடாதி கண்டதில்லை.

"இங்கேயிருந்து கொழும்புக்குத் தோணி போகுதில்ல? உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது உண்டா?"

சுதர்சனம் தோணியில் தப்பிவிடுவான், அதற்கு முன்னால் மடக்க வேண்டும் என்று பார்க்கிறார்போலும். முப்பிடாதி அப்படித்தான் எடுத்துக்கொண்டான். இல்லாதவனை எந்தத் தோணியில் வேண்டுமானாலும் தேடிக்கொள்ளட்டும். "மச்சாது தண்டல் நம்மகிட்டதான் முடி வெட்டுவாரு. அவரு தோணி நாளைக்கு விடியக்காலம் கிளம்புது."

விடியும் நேரத்தில் இரண்டு பேரும் தோணிகள் கட்டிக்கிடக்கிற துறைமுகப் பாலத்துக்குப் போனார்கள். மச்சாது தண்டல்தான் அந்தத் தோணிக்குத் தலைவர். பெருத்த மனிதர், கழுத்தில் சிலுவை. மப்டிக்காரரைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"சாருக்குத் தோணியைப் பாக்கணுமாம்" என்றான் முப்பிடாதி.

"தாராளமாப் பாக்கட்டும். நம்மகிட்ட கருவாடும் கூரை ஓடும்தான்."

தோணியில் ஏறுவதற்கு முன் அவர் முப்பிடாதியின் பக்கம் திரும்பினார். அவன் கையைப் பிடித்து இரண்டு கையாலும் அழுத்தினார். "வீட்டம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோங்க. கொஞ்ச நாள் கடையை மூடிருங்க. உங்களையும் தேடி வருவான்."

அவன் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது முப்பிடாதிக்குத் தெரியும். அது யாருமே இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான். இந்த ஆளிடம் இவ்வளவு நாளும் வெறும் பயமாகவே இருந்துவிட்டோமே என்று ஒரு மாதிரி ஆனது.

அவர் தோணியின் அடித்தட்டுக்குள் இறங்கினார். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே தலை மறைந்தது. திரும்ப மேலே வரவில்லை.

மச்சாது சிகரெட் பற்றவைத்தார். அது தீர்ந்தது. கிழக்கு வெளுத்தது. காற்று பாய்க்கு வாகாகத் திரும்பியது. "ஏ முப்பிடாதி, சோதனை முடிஞ்சுதான்னு கேளேன்" என்றார்.

"நீங்க கேளுங்க. உங்க தோணி."

"உன் சார்."

கீழே குனிந்து கூப்பிட இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. போலீஸ்காரர் வேலையில் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பது அந்த வருஷத்தில் எல்லோருக்கும் தெரியும். காற்றை விட்டால் இன்னொரு காற்று எப்போது வருமோ. மச்சாது சிலுவை போட்டுக்கொண்டு பாயை ஏற்றச் சொன்னார். தோணி நகர்ந்தது. பாலத்தில் நின்ற முப்பிடாதி கையை ஆட்டினான், கூப்பிட்டான், கொஞ்ச தூரம் பாலத்தோடு ஓடினான். அடித்தட்டிலிருந்து ஒருவரும் எழுந்து வரவில்லை. தோணி சின்னதாகிக்கொண்டே போய்க் கடலும் வானமும் ஒன்றாக இருந்த இடத்தில் கரைந்தது.

எமர்ஜென்சிக் காலத்தில் ஒரு சர்க்கார் போலீஸ்காரரைக் கருவாட்டோடு சேர்த்துக் கொழும்புக்கு ஏற்றுமதி செய்த ஆள் இந்தியாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று முப்பிடாதிக்குப் புரிந்தது. சண்முகத்தாய் ஒரு மாற்று வேட்டியையும் துண்டையும் பையில் வைத்துக் கதவோரம் மாட்டினாள். ஜெயிலில் தருவார்களோ என்னவோ என்றாள்.

கடையை மூட அவனுக்கு மனம் வரவில்லை. திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடைச் சுவரில் அவர் முதுகு பட்ட இடம் எண்ணெய்க் கறையாகத் தெரிந்தது. மாடிப்படியில் காற்று ஏறி இறங்கினாலும் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது.

வெயில் ஏறின ஒரு காலை வேளையில் டவுன் ஸ்டேஷன் ஏட்டு ஆவுடையப்பன் யூனிபாரத்தோடு உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

முப்பிடாதி அவர் காலில் விழுந்துவிட்டான்.

"எல்லாத்தையும் சொல்லிருதேன் ஏட்டய்யா. சுதர்சனத்தை நான்தான் உண்டாக்கினேன். மாடிக்கு வந்த பயலுவ மேல ஒரு தப்பும் இல்ல. மச்சாது தண்டலுக்கும் ஒண்ணும் தெரியாது. உங்க மப்டி சாரு தானாத்தான் தோணிக்குள்ள இறங்கினாரு. மதுரைப் பேச்சு, கறுப்பு ஷூ, ஒட்ட வெட்டின கிராப்பு, தினம் என் கையாலதான் சவரம். அவருக்கு ஏதாவது ஆயிருந்தா என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. பயலுவளை விட்டிருங்க."

ஏட்டு வாசல் பக்கம் திரும்பினார். எதிரே இருந்த டீக்கடைச் சுவரைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"இந்தத் தெருவுக்கு நாங்க ஒரு மப்டியையும் போடல முப்பிடாதி, ரயில்வே ஸ்டிரைக்குலேருந்து போலீசுக்குத் தப்பி ஓடிக்கிட்டிருக்கிற மதுரை யூனியன்காரன் ஒருத்தன், கறுப்பு ஷூப் போட்டவன், இங்கன வந்து ஒளிஞ்சிருக்கான்னு தகவல் வந்து, அவனைப் பிடிக்க இன்னைக்குத்தான் என்னையே அனுப்பியிருக்காவோ."