சாமி பேரைச் சொன்னதும் கட்டின தலைப்பா

அய்யா துணை
கொல்லம் 1128 ஆடி 12

டெல்லி மாநகரில் பைல் கட்டுகளுக்கு நடுவே கொலுவீற்றிருக்கும் மருமகன் சிரஞ்சீவி நாராயணபெருமாளுக்கு, மாமா பொன்னுலிங்கம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம், ஒரே ஒருவரைத் தவிர. இனிச் சொல்லப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்.

என் மச்சினன் சுயம்பு, ஆடு வாழைக்கன்றைத் தின்ற வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனான். கூண்டில் ஏறியதும், "கடவுள் அறிய உண்மை சொல்லுகிறேன் என்று சொல்லு" என்றார் மாஜிஸ்திரேட்டு. சாமி பேரைச் சொல்லும்போது நம்ம அய்யாவழி ஆளுங்க வெறுந்தலையோட நிப்பாங்களா? தோளில் கிடந்த துண்டை எடுத்து, அய்யா பதியில் கும்பிடப் போகிற மாதிரி தலைப்பா கட்டிவிட்டான். சாதாரணத் துண்டா அது? நாற்பது முழம்! சுற்றச் சுற்றக் கூரை மோட்டில் இடித்தது. ஒரு நுனி ஜன்னல் வழியே போய்க் களியக்காவிளை பஸ்ஸை மறித்தது. மறு நுனியைக் கடியப்பட்டணத்துக்காரர்கள் பாய் என்று வள்ளத்தில் கட்டி, கொழும்பு வரைக்கும் போய்விட்டு வந்தார்கள். மாஜிஸ்திரேட்டு குத்தின குத்தில் மேஜை மூணாப் பிளந்துபோச்சு.

"கோர்ட்டிலே தலைப்பாவா? அவிழுடா!"

"சத்தியம் முடியட்டும் எசமானே, அவுக்கேன்."

"முதலில் அவிழு. பிறகு சத்தியம்."

"வெறுந்தலையோட சொன்னா அது சத்தியமா எசமானே? வெறும் பேச்சுல்லா! அந்தா வாசல்ல நின்னு பேரு கூப்பிடுதாரே உங்க சேவகர், அவரு தலையில சரிகை வச்சு ஒண்ணு இருக்கே, அதை ஆரு அவுக்கச் சொன்னா?"

கோர்ட்டே சிரித்தது. வெளியே கட்டியிருந்த ஆடும் கனைத்ததாகக் கேள்வி. அவமதிப்பு என்று ஒரு மாதம் உள்ளே. அவிழ்த்து மன்னிப்புக் கேட்டால் இன்றைக்கே விடுதலையாம். உன் மாமி சண்முகவடிவு கஞ்சி கொண்டுபோய், "ஒரு நிமிஷம் அவுத்தா தலையா கழண்டு விழுந்திரும்?" என்று அழுதாள். அதுக்கு வந்த பதிலைக் கேளு: "எங்க தாத்தா தலைப்பா கட்டினதுக்கு மேல்சாதிக்காரனுவ அடிச்சானுவ. இப்ப ஜெயில்லதானட்டீ போடுதானுவ, கொஞ்சம் முன்னேத்தம் உண்டும்லா!"

ஆகையால் மக்கா, நீ உடனே சுப்ரீம் கோர்ட்டில் மனு போடவேண்டியது. அந்தக் கோர்ட்டு இப்போ பார்லிமென்ட் கட்டிடத்துக்குள்ளேதான் நடக்கிறதாம், உனக்கு நடக்கிற தூரம்தானே. உரிமை பறிபோனவன் எவனும் அரசியல் சட்டத்தின் முப்பத்திரண்டாம் ஷரத்தைப் பிடித்து நேரே அங்கே போய் நிற்கலாம் என்று வக்கீல் கிளீட்டஸ் சொல்லுகிறார். நீதிபதிகளிடம் ஒன்றே ஒன்று கேள்: உங்க ஊர்ல சர்தார்ஜிமாரு தலைப்பாவோட கோர்ட்டுல நிக்கலியா? அவங்களுக்கு உள்ளது எங்களுக்கு இல்லியா? தள்ளினால் மறுபடி போடு. அதையும் தள்ளினால் நான் நடந்தே டெல்லிக்கு வருவேன். வழியிலுள்ள ஆறுகளெல்லாம் ஒதுங்கி நிற்கட்டும்.

நீயும் பிள்ளைகளும் விளைந்த வயலைப் போல நிறைந்திருக்க அய்யா அருளட்டும். அய்யா உண்டு.

இப்படிக்கு,
மாமா பொன்னுலிங்கம்

பின்குறிப்பு: துண்டு ரெண்டு முழம்தான். மேஜை முழுசா இருக்கு. பஸ் நிற்கவில்லை, வள்ளமும் ஓடவில்லை. சுயம்பு கோர்ட்டுப் பக்கமே வரல்ல; வீட்டில் சௌக்கியமாக இருக்கிறான். எனக்காக நானே கேட்க வெட்கப்பட்டு அவன் பேரைப் போட்டேன். இந்தத் தாள் ஜெயில் வார்டர் தந்தது. இன்றைக்கு ஒன்பதாம் நாள். அவிழ்க்காமல் ஒருத்தன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்பது மட்டும் நிசம். மனுவில் பேரைச் சரியாக எழுது.