கிராடியின் ஒரு நிமிடம்

“எத்தனை தடவைதான் கேக்கறது? வேலை கிடைக்கலன்னா ஜூன்ல நமக்குக் கல்யாணம் உண்டா இல்லையா?” என்று டார்லா போட்ட சத்தத்தில், டொலீடோ நகரின் அந்தத் தெருவே ஜன்னலோரம் வந்துவிட்டது.

“நல்ல கேள்வி,” என்றார் கிராடி. “யோசிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கலாமா?”

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் கண்டடைந்த மாபெரும் சாதனம் இந்த ஒரு நிமிடம்தான். மேலாண்மை ஆலோசகர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், ‘ஒரு கம்பெனி நஷ்டத்தில் போகிறது, ஏன்?’ என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடுவது அநாகரிகம். ஒரு நிமிடம் அனுமதி வாங்கி, காகிதத்தில் மூன்று கிளை வரைந்து, ‘இதில் மூன்று அம்சங்கள் இருக்கின்றன’ என்று தொடங்க வேண்டும். இருப்பது ஒன்றே என்றாலும் மூன்று.

இந்தக் கலையை கிராடி ஐந்து மாதமாகப் பயின்றுவந்தார். பள்ளிப் பேருந்துக் கம்பெனியில் எந்த டிரைவருக்கு எந்தத் தடம் என்று பிரித்துக் கொடுக்கும் டார்லா, வீடு திரும்பியதும் கேள்விப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ‘தேர்வாளர்’ ஆகிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விருந்திலும் பயிற்சி நிற்காது. “மாப்ள, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைக்கட்டுமா?” என்று டார்லாவின் அம்மா கரண்டியை நீட்டினால், ஒரு நிமிடம். பிறகு பசி, வயிற்றின் கொள்ளளவு, எதிர்காலம் என மூன்று அம்சங்கள். அதற்குள் அம்மா அதை நாய்க்கு வைத்துவிடுவாள். நாய் யோசிப்பதில்லை.

ஒருநாள் புத்தகம் தீர்ந்துபோகவே, டார்லா பாத்திரம் கழுவிக்கொண்டே சொந்தமாக ஒன்று கேட்டாள். “எங்க கம்பெனில டிரைவருங்க யாருமே நிக்க மாட்டேங்கறாங்க. ஏன்?”

கிராடி சம்பளம், கலாச்சாரம், போட்டி என்று மூன்று கிளை வரைந்தார்.

“ஒரு மண்ணும் இல்ல. டிப்போல கக்கூஸ் கிடையாது. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் நடுவுல பெட்ரோல் பங்க்குக்கு ஓடணும். யாரு இருப்பா?”

“உன் பதில்ல ஒரு கட்டமைப்பு இல்லியே, டார்லா.”

“டிப்போலயும் அதான் இல்லங்கறேன்.”

அப்படிப்பட்டவர் கல்யாணக் கேள்விக்கு மட்டும் சட்டென்று வாய் திறப்பாரா? டார்லா அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஐம்பது வினாடி வரை அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ஐம்பத்தெட்டில் கிராடி நிமிர்ந்தார்.

“இதுல மூணு அம்சம் இருக்கு.”

டார்லா மோதிரத்தைக் கழற்றிக் கேள்விப் புத்தகத்தின் மேல் வைத்தாள். “முதல் அம்சம், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். மத்த ரெண்டை நீயே போட்டுக்க.”

வெள்ளிக்கிழமை நடந்த நேர்முகத் தேர்வில் கிராடிக்கு வேலை கிடைத்தது. ‘இத்தனை ஆழமாக மௌனம் காப்பவரை நாங்கள் கண்டதில்லை’ என்று நிறுவனம் பாராட்டியது. முதல் வாடிக்கையாளராக வாய்த்தது டார்லாவின் பேருந்துக் கம்பெனி. நால்வர் குழு பன்னிரண்டு வாரம் ஆராய்ந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஸ்லைடில், ‘இடைவேளைக்கால உடல்நல உட்கட்டமைப்புப் பற்றாக்குறை’ என்ற பேருண்மை வெளிப்பட்டது. அடியில் பொடி எழுத்தில், ‘ஆதாரம்: கள ஆய்வு.’ அந்தக் களம் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதலாளி எழுந்து நின்று கைதட்டினார்.

“இதைத்தானே சார் டார்லா மூணு வருஷமா சொல்லிட்டிருக்கு,” என்றார் ஒரு டிரைவர்.

“சொன்னா சரிப்பா. ஸ்லைடு எங்க?” என்றார் முதலாளி.

டிப்போவில் குழாய் மாட்ட பிளம்பர் ரஸ் வந்தார். ஒரு வாரம் அவரோடு பேசிப் பார்த்த டார்லா, அதே கேள்வியைக் கேட்டாள்: ஜூனில் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

“சரி,” என்றார் ரஸ். “கையக் கழுவிட்டு வந்துடறேன்.”

கல்யாணம் முடிந்து இருவரும் ஏரிக்கரையோரம் சாண்டஸ்கிக்குக் குடிபோனார்கள். கிராடி சிகாகோவில் வீடு வாங்கினார். வாரத்தில் நான்கு நாள் வேறு ஊர் ஹோட்டல்களில் வாசம். வருவாரா மாட்டாரா என்று கேட்டு டார்லா அனுப்பிய கல்யாண அட்டையை, ‘யோசிக்க ஒரு நிமிடம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். ஊரைவிட்டுப் போகுமுன் டார்லா அதை டிப்போவின் புதுக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டாள். டிரைவர்கள் தினமும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்து யோசிக்கிறார்கள். நல்ல நல்ல யோசனைகள் வருகின்றனவாம். இதுவரை ஒருவரும் கம்பெனிக்கு பில் அனுப்பவில்லை.