நாற்பத்து நாலு பிடி சாமை

“…அதனால மத்தவங்க மூட்டையாச்சும் கப்பலேறட்டுமுங்க சார். என்ற பேர மட்டும் அடிச்சுப்போடுங்க,” என்றாள் பாப்பாத்தி அக்கா.

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. பஸ்ஸில் நிற்கிறவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவோமே, அப்படி ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். அவளுக்கு எதிரே ஜெயசிங் சார் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பிடித்திருந்தார். குப்பிக்குள் ஒரு புழு. அரை அரிசி நீளம், பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முடி. பதினோராம் எண் மூட்டையின் காதோரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பிடிபட்டது. பதினோராம் எண் மூட்டை பாப்பாத்தி அக்காவுடையது.

புழு என்னுடையது.

இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு இதைச் சொல்ல லேசில் வாய் வரவில்லை. (எனக்கு வாய் வராமல் போன ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு.)

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. எங்கள் வளப்பூர் நாட்டில் பெண்கள் சேர்ந்து ஒரு சாமைச் சங்கம் நடத்துகிறோம். உமி நீக்குகிற மெஷின் ஒன்று, தகரக் கொட்டகை ஒன்று, செயலாளர் ஒருத்தி. அந்தச் செயலாளர் நான், செல்வி. பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். மீதியை மலையேறும் பஸ்ஸில் படித்தேன். யார் என்ன பேசினாலும் காதைக் கொடுத்துக் கேட்பேன். பேச்சு ருசியாக இருந்தால் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைப்பேன். ஒருத்தி தன் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள்: “உப்புப் பத்தாத சோறாட்டங்க. வேண்டாம்னு தள்ளவும் முடியாது, இன்னொருக்கா போடுன்னு கேக்கவும் தோணாது.” இப்படி மூன்று நோட்டு நிறைந்திருக்கிறது. பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கிறவள் சட்டத்தையும் கவனமாகக் கேட்டிருப்பாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அந்த வருடம் ஆஸ்திரேலியாவில் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் சாமையைக் கேட்டார். நாற்பது மூட்டை. அதில் நான்கு மூட்டை பாப்பாத்தி அக்காவுடையது, அவள் காட்டில் அந்த வருடம் விளைந்தது அவ்வளவும். எத்தனையோ வருடமாக அவளுடைய சாமையை எடுத்துவந்த கீழ்நாட்டு வியாபாரியிடம், சந்தை நடுவில் நின்று, “இந்த வருசம் என்ற சாமை தண்ணி மேல போகுதுங்க. உங்க தராசுல ஏறாது” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த மனிதர் சிரித்தபடி, “போகட்டும் போகட்டும். திரும்பி வந்தா இங்கதான வரணும்” என்றாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் பாப்பாத்தி அக்காவின் மூக்கு விடைக்கும்.

சாமை கப்பலேற வேண்டுமானால் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அப்படி வந்தவர்தான் ஜெயசிங் சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடி ஜீப்பிலிருந்து இறங்கினார். பழத்தை எடுத்ததும் முதல் வார்த்தையே கப்ரா வண்டுதான்.

“நல்லா கேட்டுக்கிடுங்கம்மா. இந்த வண்டுக்குப் பறக்கத் தெரியாது. ஆனா உலகம் பூரா சுத்தும். பழைய சாக்குல ஏறும், லாரில ஏறும், கப்பல்ல ஏறும். இதோட புழு இருக்கே, தீனி இல்லாம வருசக்கணக்குல செவுத்து விரிசல்ல படுத்துக் கெடக்கும்.”

“சோறு இல்லாம வருசக்கணக்காங்களா?” என்றாள் பாப்பாத்தி அக்கா. “எங்கூட்டு ஆம்பளைங்களுக்கு அரை மணி நேரம் தாங்காதுங்களே!”

சார் சிரிக்கவில்லை. “ஆஸ்திரேலியாவுல இந்த வண்டு கெடையாது. உள்ள விடக் கூடாதுன்னு கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக் காவல் காக்கானுவ. நான் சொல்லுதேன், ஒத்தப் புழு போதும். அத்தனையும் திரும்பி வந்துரும்.”

அவர் சொன்னபடியெல்லாம் செய்தோம். பழைய கோணியை எல்லாம் கொட்டகையை விட்டு வெளியேற்றினோம். தரை விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். புதுச் சாக்கில் சாமையை நிரப்பி, மூட்டைக்கு ஓர் எண் போட்டு, தார்ப்பாய் மூடி, புழு பூச்சி சாக ஆள் வைத்துக் கேஸ் மருந்து வைத்தோம். மருந்து வைத்த பிறகு வெளியிலிருந்து ஒன்றும் சேரக் கூடாது என்பதுதான் விதிகளிலேயே பெரிய விதி. அதைச் சாக்பீஸால் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டேன்: “இனி ஒரு மணி தானியம்கூட உள்ளே வரக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்.” (கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சார் பாராட்டினார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.)

எட்டு நாள் மருந்து. அந்த எட்டு நாளும் எனக்கு வேலை இல்லை. பூட்டிய கொட்டகைக்கு எதிரே பலாமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பனிக்காலம். காலையில் பத்து மணி வரைக்கும் எதிர்ச் சரிவு இருக்காது. கொட்டகை இருக்காது. சில நேரம் என் கால்களே இருக்காது. வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு பஸ் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிவரும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாத அந்த நேரத்தில் நாற்பது மூட்டையும் மெல்ல எழுந்து மிதக்கத் தொடங்கும்.

நான் கடலைப் பார்த்ததில்லை. அதனால் என் கடல் எங்கள் பனி மாதிரியே வெள்ளையாக இருந்தது. கப்பலையும் பார்த்ததில்லை. அதனால் அது பஸ் மாதிரியே ஹாரன் அடித்தது. அலை என்றால் சாமைக் கதிர் காற்றில் சாய்கிற மாதிரி இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். சத்தமே இல்லாமல் பல நாள் போய், கடைசியில் ஒரு கரை வரும். அங்கே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசலில் உட்கார்ந்து எங்கள் மூட்டையை அவிழ்ப்பாள். சாமையை அள்ளி முகர்ந்து பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு கங்காரு பொறுமையாகக் காத்து நிற்கும். அந்த வாசம் அவளுக்கு என்னவென்று தெரியாது. இருந்தாலும் கண்ணை மூடுவாள். இவ்வளவுதான் கனவு. எட்டு நாளும் அதே கனவு, தினம் ஒரு மூட்டை கூடுதலாக.

ஒன்பதாம் நாள் தார்ப்பாயை எடுத்துக் காற்றாட விட்டோம். சார் வந்தார். கூர்முனை வைத்த குழாய் ஒன்றை மூட்டைக்கு மூட்டை குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சாமை எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, பூதக் கண்ணாடியால் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. “நாளன்னைக்கு லாரி வரும். நான் இன்னொரு தடவை பாத்து சீல் வெப்பேன். அதுவரைக்கும் சாவி செயலாளர் கையில” என்று சொல்லி, எடுத்த சாமையோடு இறங்கிப் போனார்.

மறுநாள் மத்தியானம் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றினேன். ஒரு பிடி குறைந்தது. இன்னொன்றை ஏற்றினேன். அதிலும் ஒரு பிடி குறைந்தது.

எங்கள் பக்கத்தில் படியில் அளந்து கொடுத்தால் கோபுரமாகக் குவித்துத் தலைகட்டி, அதற்கு மேலும் ஒரு பிடி போட்டுத்தான் கொடுப்போம். குறைத்துக் கொடுப்பது என்பது விருந்தாளியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி விடுவது போல. கொட்டகை வாசலில் உட்கார்ந்தேன். பனி இறங்கிவிட்டிருந்தது. தொப்பிக்காரப் பெண் வந்தாள். மூட்டையை அளந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சில், “ஏனுங்க, ஒரு பிடி குறையுதுங்களே?” என்றாள். கங்காருவும் என்னைப் பார்த்தது.

நேரே வீட்டுக்குப் போனேன். எங்கள் காட்டுச் சாமையை ஒரு கூடை அள்ளி, நன்றாகப் புடைத்து எடுத்துவந்தேன். மூட்டைக்கு மூட்டை காதுப் பக்கத் தையலை மட்டும் பிரித்து, உள்ளே ஒரு பிடி போட்டு, கோணி ஊசியால் பழையபடி தைத்தேன். பிரித்த அடையாளமே தெரியாத தையல். சுவரில் என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ‘விதி பூச்சிக்குத்தானே, சாமைக்கு இல்லையே’ என்று அதற்குச் சமாதானம் சொன்னேன். முடித்தபோது மனதுக்குள் அப்படி ஒரு நிறைவு. ஒரு கண்டத்துக்கே சோறு போட்ட நிறைவு.

வீட்டில் அந்தச் சாமையைக் கொட்டி வைத்திருந்தது, என் வீட்டுக்காரர் கீழே ஏதோ ஒரு அரவை மில்லிலிருந்து வாங்கி வந்த பழைய கோணிச் சாக்கில். அது அப்போது என் நினைவில் ஒரு மூலையில்கூட இல்லை.

மறுநாள் லாரிக்கு முகப்பில் வாழை கட்டிப் பொட்டு வைத்து எல்லோரும் நின்றோம். சார் சீல் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார்.

“இது உசுரோட இருக்கு,” என்றார் மெதுவாக. “மருந்து வெச்ச மூட்டைல எப்படி? பதினொண்ணு யாரோடது? ஒருத்தர் தானியத்துல மட்டும் கோளாறுன்னா, அவங்க மூட்டைய ஒதுக்கிப் பேர அடிச்சிட்டு, மத்ததத் திரும்பச் சோதிச்சு அனுப்பப் பாக்கேன்.”

அப்போதுதான் பாப்பாத்தி அக்கா முன்னால் வந்து, தன் பெயரை அடிக்கச் சொன்னாள்.

நான் யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் முப்பத்தாறு மூட்டை போகும். என் மானமும் தப்பும். பாப்பாத்தி அக்கா மட்டும் நான்கு மூட்டையோடு சந்தைக்கு இறங்கி, அந்த வியாபாரியின் சிரிப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அவள் விடைத்த மூக்கோடு நிற்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதோடு, மீதி மூட்டைகளுக்குள்ளும் என் வீட்டுச் சாமை கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

“சார், அது அக்கா ஊட்டுப் புழு இல்லீங்க. என்ற ஊட்டுது.”

“புழுவப் பாத்தா வீடு தெரியுமாம்மா?”

“நான் ஒரு பிடி சாமை போட்டுப்போட்டேனுங்க.”

“எதுல?”

“இந்த மூட்டைலிங்க.”

சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அப்படிச் சொல்லுங்க! அப்ப இந்த ஒரு மூட்டைய மட்டும்…”

“அதுலயும் போட்டேனுங்க.”

“எதுல?”

“அதா அதுல. அதுக்குப் பக்கத்துல இருக்கறதுலயும். எல்லாத்துலயும் போட்டேனுங்க சார்.”

லாரி டிரைவர் என்ஜினை நிறுத்தினார்.

“ஏம்மா?” என்றார் சார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“நீங்க மூட்டைக்கு ஒரு பிடி எடுத்துட்டுப் போனீங்கல்லங்க? தூரத்து மனுசங்க. கொறையா அனுப்பினா நல்லாருக்குமுங்களா?”

அவர் நாற்பது மூட்டையையும் ஒருமுறை பார்த்தார், சுவரிலிருந்த என் கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். “எடை கூட்டக் கல்லு போட்டதப் பாத்திருக்கேன். தண்ணி தெளிச்சதப் பாத்திருக்கேன். நல்ல சாமையப் போட்டுக் கெடுத்தது நீங்கதாம்மா மொத ஆளு.” பிறகு தாளை எடுத்து நாற்பதையும் அடித்தார். எல்லாவற்றையும் கொட்டி, காயவைத்து, சலித்து, வேறு புதுச் சாக்கில் நிரப்பி, மறுபடியும் எட்டு நாள் மருந்து. அதற்குப் பிறகு கப்பலில் இடம் கிடைத்தால்தான் உண்டு. என் வீட்டுக்கும் வந்து அந்தக் கோணியை உதறிப் பார்த்தார். மடிப்புக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே குடியிருந்தது.

சாமை போனதா என்று கேட்பீர்கள். போனது, அடுத்த கப்பலில். தொப்பிக்காரப் பெண்ணுக்கு மூட்டைக்கு ஒரு பிடி குறைவாகத்தான் போனது. அவளும் அதற்கப்புறம் கனவில் வந்து ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் பெயர் நிலைத்துவிட்டது. விருந்தாளி இலையில் நான் இன்னொரு கரண்டி வைக்கப் போனால், “அம்மா, செல்வி பிடி வேண்டாம்” என்கிறாள் என் மகள். போன மாதம் பஸ் நிற்கும் இடத்தில், டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்ட கடைக்காரரிடம் முன்பின் தெரியாத ஒருவர், “என்னங்க, செல்வி பிடியாப் போட்டுட்டீங்க?” என்று சலித்துக்கொண்டார். செல்வி யார் என்று அவருக்குத் தெரியாது. நான் மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன்.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, வாழையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் லாரி வளைவு வளைவாக இறங்கிப் போன சத்தம் பனிக்குள் தேய்ந்துகொண்டிருந்தபோது, நான் பாப்பாத்தி அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கால்கள் என் எதிரே வந்து நின்றன. என் வலது கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கையைப் பார்த்தாள்.

“இந்தக் கையாலயா கண்ணு?”

“ஆமாங்கக்கா.”

“எனக்கும் மத்தவங்களாட்டம் ஒரு பிடிதான் போட்டயா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “இல்லீங்கக்கா. உங்க நாலு மூட்டைக்கு மட்டும் ரெண்டு ரெண்டு பிடி.”

அவள் என் கையை விட்டாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். பதினோராம் எண் மூட்டையை அடுக்கிலிருந்து உருட்டித் தள்ளி, நான் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்த காதைப் பல்லால் கடித்துப் பிரித்து, சாமை முழுவதையும் தார்ப்பாயில் கொட்டினாள். சலிக்கும்படி சல்லடையை என் கையில் திணித்துவிட்டு, அடுத்த மூட்டையின் காதைப் பிடித்தாள்.