தக்காளிக்கு முட்டுக் கொடுத்த குச்சிகள்

எனக்குக் கோபம் வராது. ஒரே ஒரு நாள் வந்தது. அன்றைக்கும் வராமல் இருந்திருக்கலாம்.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டி எனக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. ஒரு நாள் காலையில் போனால், தேரியின் செம்மணலில் பன்னிரண்டு மூங்கில் குச்சிகள். உச்சியில் சிவப்பு ரிப்பன், நம்பர். எங்கள் பக்கம் குச்சி நட்டால் அடுத்து ரோடு வரும், நிலம் போகும். (பக்கத்து ஊரில் அப்படித்தான் போச்சு.) அத்தனையையும் பிடுங்கினேன். நல்ல குச்சிகள். தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். "நீங்களா!" என்றாள் மனைவி. சோற்றில் இரண்டு முட்டை வைத்தாள்.

மறுநாள் ஒரு காலேஜ் பிள்ளை தோட்டத்துக்கு வந்தது. செடி ஆராய்ச்சியாம்.

"அண்ணாச்சி, தேரியில குச்சி நட்டிருந்தேன். ஒண்ணையும் காணல. யாரும் எடுத்ததப் பாத்தியளா..."

பிள்ளையின் கண் பாத்திப் பக்கம் போனது. தக்காளிப் பாத்தியில் ரிப்பன்கள் ஆடிக்கொண்டிருந்தன. (கழற்ற மனம் வரவில்லை. அழகாக இருந்தது.)

"நிலம் எடுக்க வந்தவுகன்னு நெனச்சேம்மா," என்றேன்.

பிள்ளை மணலிலேயே உட்கார்ந்து அழுதது. ஒவ்வொரு குச்சிக்குப் பக்கத்திலும் மண்ணுக்குள் ஒரு கிழங்கு இருந்ததாம். ஆர்க்கிட். மழை பெய்தால் இலைகூட இல்லாமல் பூ மட்டும் வரும். தேரி குறையக் குறைய அதுவும் குறைகிறது. இந்தப் பக்கம் பிள்ளை கண்டுபிடித்ததே பன்னிரண்டுதான். அடுத்த பூவைப் பார்த்து எழுதினால்தான் படிப்பு முடியும்.

"போன்ல எடத்தக் குறிக்கலையா?"

"அது எந்தப் பனைமரத்துப் பக்கம்னுதான் காட்டும் அண்ணாச்சி, கெழங்கக் காட்டாது. தேடுறேன்னு மிதிச்சா மொள ஒடிஞ்சிரும்."

"புடுங்குன எடம் எனக்குத் தெரியும்," என்றேன்.

தெரியாது. காற்று எல்லாக் குழியையும் மூடியிருந்தது. பிள்ளை நோட்டைப் பார்த்து எந்த மரத்துப் பக்கம் எந்த நம்பர் என்று சொல்லச் சொல்ல, சர்வேயர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நட்டேன்.

பிறகு மழைக்குக் காத்திருந்தோம். தினமும் வானத்தைப் பார்த்தேன்.

"இப்பம் மேல பாக்கிய. அன்னைக்குக் கீழ பாத்திருக்கலாம்லா?" என்றாள் மனைவி.

பெய்தது. மூன்று பேரும் பூனை நடை நடந்து போனோம். குச்சியை ஒட்டிச் சில, ஒரு முழம் தள்ளிச் சில, பதினொரு பூ. ஏழாம் நம்பரில் மட்டும் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. பிள்ளை அதையும் நோட்டில் எழுதிவிட்டுச் சிரித்தது. எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

பிள்ளைக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது குச்சிக்குக் காவல் நான்தான்.

வீட்டில் நான் வண்டிச் சாவியைக் காணாமல் தேடினால் போதும், அடுப்படியிலிருந்து சத்தம் வரும்: "ஏழாம் நம்பர்ல பாத்தியளா?"